ஒன்பதாம் நிறுத்தம்

டோரீன் ஹெப்வர்த்தின் ஜன்னல் விளிம்பில் முதல் பிஸ்கட் பொட்டலம் வந்து உட்கார்ந்தது ஏப்ரல் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று எடுத்து உள்ளே வைத்தாள். புதன்கிழமை ஒரு ஆரஞ்சுப் பழம். வியாழக்கிழமை காகிதத்தில் சுற்றிய கேக் துண்டு, உலர்திராட்சை போட்டது, நல்ல கேக். டோரீன் அதை டீயோடு உட்கார்ந்து ரசித்துச் சாப்பிட்டாள். எழுபத்தெட்டு வயதில் தனியாகக் கிடக்கும் ஒரு பொம்பளையை ஊர் கடைசியில் நினைத்துப் பார்த்திருக்கிறது என்று அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று. அதற்கப்புறம் அவள் உலர்திராட்சைக் கேக்கைத் தொட்டதே இல்லை.

வட இங்கிலாந்தில், யார்க் நகரக் கோட்டை மதிலுக்குள், பெரிய மாதாகோயிலுக்குப் பின்பக்கம் இருக்கிறது கேண்ட்லர் சந்து. எதிரே ஆள் வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டும், அவ்வளவுதான் அகலம். சந்து வளைகிற முனையில் டோரீனின் வீடு. கீழே இரண்டே அறை. முன்னறை, பின்னறை, இரண்டின் ஜன்னலும் சந்தைத்தான் பார்க்கும். அந்த வீட்டில்தான் பிறந்தாள், அந்த வீட்டிலிருந்துதான் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறைக்கு வேலைக்குப் போனாள். தட்டை நீட்டிய எந்தப் பிள்ளைக்கும் இல்லை என்று சொன்னதில்லை. மேற்பார்வைக்காரி இரண்டு தடவை எச்சரித்தும், இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கு போட அவள் கை தானாகப் போகும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா ஹில்டாவும் அவளுமாக இருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலில் அம்மா போன பிறகு அவள் மட்டும்.

ஹில்டா சாக்லேட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற வேலை பார்த்தவள். அதிகம் பேச மாட்டாள். அவளைப் பற்றிச் சந்தில் ஒருவரும் ஒரு குறையும் சொன்னதில்லை. அந்த அம்மாவின் பெயருக்குத்தான் இந்தக் கதையில் கேடு வந்தது.

வெள்ளிக்கிழமை ஜன்னல் விளிம்பில் பன் ரொட்டி வைத்துக்கொண்டிருந்த ஒரு இளம் பெண்ணைக் கையும் களவுமாகப் பிடித்தாள் டோரீன். காதில் ஹெட்போன், கையில் போன், முதுகில் பை.

"ரொம்ப நன்றிம்மா. ஆனா தினம் தினம் வேணாம், எனக்குச் சர்க்கரை இருக்கு" என்றாள் டோரீன்.

அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஐயோ, இது உங்களுக்கில்லைங்க. அந்தக் குழந்தைக்கு."

"எந்தக் குழந்தை?"

"செத்துப்போன குழந்தை. நீங்க இங்கயா இருக்கீங்க? உங்களுக்குப் பயமா இல்லையா?"

டோரீன் ஒன்றும் புரியாமல் விழித்தாள். அந்தப் பெண் ஹெட்போனைக் கழற்றி அவள் காதில் மாட்டிவிட்டாள். பாவம், உதவி செய்வதாகத்தான் நினைத்தாள்.

வெண்ணெய் தடவின மாதிரி ஒரு ஆண்குரல் பேசிற்று. "ஒன்பதாம் நிறுத்தம். உங்கள் எதிரே உள்ள சின்ன ஜன்னலைப் பாருங்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழாம் ஆண்டின் பெருங்குளிர்காலத்தில், ஹில்டா ஹெப்வர்த் என்ற தாய் தன் ஒன்பது வயது மகள் மேவிஸை இந்தப் பின்னறையில் அடைத்துப் பட்டினி போட்டுக் கொன்றாள். இளைய மகளோ முன்னறையில் நெருப்புக் காய்ந்துகொண்டிருந்தாள். இன்றும் இந்த ஜன்னலைப் பிறாண்டும் ஓசை கேட்பதாகச் சொல்கிறார்கள். உங்கள் பையில் ஏதாவது தின்பண்டம் இருந்தால், மேவிஸுக்காக வைத்துவிட்டு நடையைத் தொடருங்கள்."

டோரீன் ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மூன்று நாளாகத் தான் தின்றது யாருடைய படையல் என்று யோசித்தாள்.

அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. போன இலையுதிர் காலத்தில் வந்தானே, ஜூலியன் ஃபேரிங்டன், தெற்கத்திப் பையன். பையன் என்ன, முப்பது வயசு. எங்கள் ஊருக்கு இப்படி வருஷத்துக்குப் பத்துப் பேர் வருவார்கள். வந்த மூன்றாம் மாதமே நம் ஊரை நமக்கே விளக்குவார்கள். இவன் 'பழங்கல் நடை' என்று ஒன்று ஏற்பாடு செய்துகொண்டிருந்தான். குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் போகிற வழிகாட்டி வேண்டாம், கூட்டத்தோடு ஓட வேண்டாம். அவன் குரலைப் போனில் இறக்கிக்கொண்டு அவரவர் பாட்டுக்கு நடக்கலாம், மொத்தம் பதினாலு நிறுத்தம். சந்து முனையில் டீக்கடை வைத்திருக்கும் கிளெண்டாதான் அவனை டோரீனிடம் அனுப்பிவைத்தாள்.

டோரீன் அவனுக்கு டீ போட்டாள், இஞ்சிக் கேக் அறுத்து வைத்தாள். அவன் பேச்சைப் பதிவு செய்ய மேசையில் போனை வைத்துவிட்டு, உங்கள் சின்ன வயசைச் சொல்லுங்கள் என்றான். அப்படி யாருமே அவளைக் கேட்டதில்லை. கேட்டதும் அணை உடைந்த மாதிரி பேசிவிட்டாள். பனி ஜன்னல் வரைக்கும் ஏறியது, நிலக்கரி கிடைக்காமல் ஊரே அல்லாடியது, ரயில்வேயில் இருந்த அப்பாவை மலைப்பக்கம் தண்டவாளத்தில் பனி வாருவதற்கு அனுப்பியது, அக்கா மேவிஸுக்கு மணல்வாரி அம்மை கண்டு நெஞ்சில் இறங்கியது, எல்லாம். அப்போதுதான் அந்த வாக்கியம் அவள் வாயிலிருந்து வந்தது.

"எங்க மேவிஸ் அந்தப் பின்னறையில ஸ்டார்வ்டாக் கிடந்தா, தம்பி. நான் இங்க நெருப்புக்கிட்ட இருந்தேன்."

தெற்கத்திக்காரனுக்கு, ஏன், இங்கிலாந்தில் முக்கால்வாசிப் பேருக்கு, ஸ்டார்வ்ட் என்றால் பட்டினி. எங்கள் யார்க்ஷயர்ப் பெரிசுகளுக்கு அது குளிர். எலும்பு வரைக்கும் ஏறுகிற குளிர். வயிறு முட்டத் தின்றுவிட்டு வெளியே போய் ஐந்து நிமிஷம் நின்றவனும் "ஸ்டார்வ்டா இருக்கு" என்பான். எங்கள் ஊரில் தெருவுக்குக் கேட் என்று பெயர், கோட்டை வாசலுக்குப் பார் என்று பெயர். அதையெல்லாம் தன் நடையின் முதல் நிறுத்தத்திலேயே வேடிக்கையாகச் சொல்லிச் சிரிக்கிற ஜூலியனுக்கு, இந்த ஒரு சொல்லை மட்டும் திருப்பிக் கேட்கத் தோன்றவில்லை. ஏன் தோன்றும்? குளிர்ந்து கிடந்த குழந்தையை விடப் பட்டினி கிடந்த குழந்தைக்கு மவுசு அதிகம்.

திங்கட்கிழமை காலையில் டோரீன் நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு, ஆற்றங்கரைப் பக்கம் மாடியில் இருந்த அவன் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே பேசுவதற்காக வீட்டிலேயே மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"தம்பி, நான் சொன்னது பசி இல்ல. குளிர். எங்க அம்மா அந்தப் புள்ளைக்கு ஒரு வேளை குறை வைக்கல. கரண்டியால ஊட்டினா. சூடான செங்கல்லைத் துணியில சுத்திக் காலடியில வச்சா. தான் போட்டிருந்த கோட்டைக் கழட்டிப் போர்த்தினா. உங்க போன்ல எங்க அம்மா கொலைகாரியா இருக்கா."

ஜூலியன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவன் எழுந்து நின்று, நாற்காலி கொடுத்து, கணினியில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்து, "அட, ஆமாம்! வட்டார வழக்கு, குளிரால் விறைத்த. எவ்வளவு அழகா இருக்கு!" என்று சந்தோஷப்பட்டான்.

"அழகா இருக்கட்டும். எங்க அம்மா பேரை எடுத்துருங்க."

"மிஸ் ஹெப்வர்த், உங்க மனசு எனக்குப் புரியுது. நிச்சயமா. ஆனா ஒன்பதாம் நிறுத்தம்தான் எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்ச நிறுத்தம். ஜனங்க அழறாங்க. எழுதி அனுப்பறாங்க. உணவு வைக்கறதை நாங்க ஒரு வரி சும்மா சொன்னோம், அது ஒரு வழக்கமாவே ஆயிடுச்சு, பாருங்க."

"பொய்க்கு அழறாங்க."

"குழந்தை செத்தது பொய் இல்லையே?" என்றான் அவன், மிகவும் மென்மையாக. "நான் ஒண்ணு செய்யறேன். உங்க தரப்பையும் சேர்த்துடறேன். அதுதான் நியாயம்."

டோரீனுக்கு நியாயம் என்ற சொல் பிடித்திருந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்தாள். வருகிற வழியில் டீக்கடையில் கிளெண்டாவிடம் சொன்னபோது, கிளெண்டா பீங்கான் கோப்பையைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஏண்டி டோரீன், இதைப் போய்ப் பெருசு பண்ணிக்கிட்டு. உங்கம்மா செத்து முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. அவ காதுல விழப்போகுதா?"

"என் காதுல விழுதே."

"ஒன்பதாம் நிறுத்தம் முடிஞ்சதும் எல்லாரும் நேரா இங்கதான் வர்றாங்க. அழுதா பசிக்கும்போல. இந்த மாசம் ஸ்கோன் ரொட்டி பத்தாம நான் தினம் ரெண்டு தடவை சுட வேண்டியிருக்கு. உன்னால எனக்கு நல்ல காலம். அதைக் கெடுத்துடாதே, என் ராசாத்தி."

"எங்கம்மா உனக்குப் பள்ளிக்கூடத்துக்கு மஃப்ளர் பின்னிக் கொடுத்தவடி."

"கொடுத்தா, கொடுத்தா. நான் இல்லைன்னா சொன்னேன்? ஒரு ஸ்கோன் எடுத்துக்க, சூடா இருக்கு."

டோரீன் எடுத்துக்கொள்ளவில்லை. அறுபது வருஷச் சிநேகிதம் அன்றைக்கு அந்தக் கடை வாசலோடு நின்றுவிட்டது, கிளெண்டாவுக்கு அது தெரிய இரண்டு மாதம் ஆயிற்று.

ஜூலியன் சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த வாரமே அவள் தரப்பைச் சேர்த்துவிட்டான். ஒரு அமெரிக்கத் தம்பதி அவளுக்குப் போட்டுக் காட்டினார்கள். "மேவிஸின் தங்கை இன்றும் இதே வீட்டில் வசிக்கிறார். தன் தாய் குற்றமற்றவள் என்றும், தமக்கை பசியால் அல்ல, குளிரால் வாடினாள் என்றும் அவர் உறுதியாகக் கூறுகிறார். அதிர்ஷ்டமிருந்தால் நீங்கள் அவரை வாசலில் பார்க்கலாம். அன்போடு நடந்துகொள்ளுங்கள்."

அன்போடுதான் நடந்துகொண்டார்கள். அதுதான் கொடுமை. டோரீன் கதவைத் திறந்தாலே ஒரு கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். "பட்டினி இல்லை, குளிர்" என்று அவள் ஆரம்பித்தால் போனைத் தூக்கிப் படம் பிடிப்பார்கள். தலையைத் தலையை ஆட்டுவார்கள். ஒரு பெண்மணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்படியே நம்பிக்கிட்டு இருங்க. தாங்கிக்கறதுக்கு அதுதான் வழி" என்று கண் கலங்கினாள். ஒருநாள் அவள் பேசி முடித்ததும் நாலு பேர் கை தட்டினார்கள். அவளை நடையோடு சேர்ந்த நடிகை என்று நினைத்திருக்கிறார்கள். அதில் ஒருத்தன், "போன தடவை வந்தப்ப இதைவிட உருக்கமாப் பேசினாங்க" என்று தன் பெண்டாட்டியிடம் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

ஆனாலும் விடவில்லை. மே முழுக்க, ஜூன் முழுக்க, காலை பத்து மணியிலிருந்து மத்தியானம் வரை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். தினம் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் நம்பினால் போதும், அம்மாவின் பெயர் அந்த அளவுக்காவது கழுவப்படும் என்று கணக்குப் போட்டாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பரிமாறிய அதே பொறுமையோடு, வந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள்.

ஜூலை முதல் வாரத்தில் அந்த ஒரு ஆள் வந்தார். எண்பதைத் தாண்டியவர், கையில் தடி, தலையில் தட்டைத் தொப்பி. பேத்தி போனில் போட்டுக் கொடுத்தாளாம், பிள்ளைகள் கடைக்குப் போயிருக்கிறார்களாம், அவர் மட்டும் தனியாக நடந்து வந்திருந்தார். ஒன்பதாம் நிறுத்தத்தை முழுக்கக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழுத்தில் இறக்கினார்.

"என்னம்மா உளறுறான் இந்தப் பய? ஸ்டார்வ்டுன்னா குளிருல்ல?"

டோரீன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? நான் மலைப்பக்கத்து ஆளு. ஆட்டுக்குட்டியைத் தூக்கிட்டு வந்து அடுப்படியில வச்சுட்டு எங்கம்மா அதைத்தான் சொல்லும். பாவம், ஸ்டார்வ்டாப் போச்சுன்னு. அது பசியா? மடி நிறையப் பால் குடிச்ச குட்டி!"

டோரீனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று மாதமாகச் சுவரோடு பேசிக்கொண்டிருந்தவளுக்கு ஒரு மனுஷன் கிடைத்தான். அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். செங்கல், கோட்டு, கரண்டி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒவ்வொன்றுக்கும், "ஆமா, ஆமா, நாற்பத்தேழு. எங்க பக்கம் மந்தையே செத்துச்சு" என்றார். பெயர் வில்ஃப் என்றார். கடைசியில் எட்டிப் பின்னறையைப் பார்த்தார். அது சாமான் போட்டு வைக்கும் அறையாக இருந்தது.

"இதுல அடுப்பு கிடையாதா?"

"கிடையாது. முன்னறையில மட்டும்தான். மாடியில அப்போ வேற குடும்பம் இருந்துச்சு. ஒரு கூடை கரி கிடைச்சா அதிர்ஷ்டம். டாக்டர் ரெண்டு பேரையும் ஒரே அறையில வைக்கக்கூடாதுன்னுட்டாரு, எனக்கு ஒட்டிக்கும்னு."

வில்ஃப் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். மனசில் கள்ளம் இல்லாத ஆள். ஆட்டு மந்தையைப் பற்றிக் கேட்பது போலத்தான் கேட்டார்.

"அப்போ நோவுல கிடந்த புள்ளையத்தானேம்மா நெருப்புக்கிட்டப் போடுவாங்க? நல்லா இருக்கிறதைத்தானே குளிர்ல விடுவாங்க? ஏன் மாத்திப் போட்டாங்க?"

டோரீன் உள்ளே போய்ப் பின்னறைக் கதவைச் சாத்தினாள்.

மாற்றித்தான் போட்டிருந்தார்கள். முதல் நாள் மேவிஸ்தான் நெருப்புப் பக்கத்தில் படுத்திருந்தாள். ஆறு வயது டோரீனுக்குத்தான் பின்னறையில் படுக்கை விரித்தாள் அம்மா. போர்வை, செங்கல், அம்மாவின் கோட்டு, எல்லாம் முதலில் அவளுக்குத்தான். பொழுது சாய்ந்ததும் அவள் கத்த ஆரம்பித்தாள். சுவரைக் காலால் உதைத்தாள். "ஸ்டார்வ்டா இருக்கும்மா! ஸ்டார்வ்டா இருக்கு!" என்று மாடிக்குக் கேட்கும்படி அலறினாள். அம்மா வந்து அடிக்கவில்லை. தலையைத் தடவிவிட்டு, "ஒரே ரெண்டு நாள், கண்ணு" என்று கெஞ்சினாள். டோரீன் நிறுத்தவில்லை. கடைசியில் முன்னறையிலிருந்து மேவிஸ்தான் இருமிக்கொண்டே சொன்னாள், "விடும்மா, நான் போறேன். அவ தூங்கட்டும்." அம்மா இரண்டு வாசலுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் மேவிஸைப் போர்வையோடு தூக்கினாள். ஐந்தாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

எழுபத்திரண்டு வருஷமாக இது டோரீனுக்குத் தெரியாமல் இருந்ததா, தெரிந்தும் தொடாமல் வைத்திருந்தாளா, யார் கண்டது. அம்மா சாகிற வரை ஒரு தடவை கூட அதை எடுத்துப் பேசியதில்லை. பேசாமலிருந்தது மேவிஸை நினைத்துத்தான், தன்னைக் காக்க இல்லை என்று டோரீன் இதுவரை நம்பியிருந்தாள்.

"என்னம்மா? நான் எதுவும் தப்பாக் கேட்டுட்டேனா?" என்றார் வில்ஃப்.

"இல்லை. டீ ஆறிப்போச்சு, கொடுங்க" என்றாள் டோரீன்.

அவர் போகும்போது தொப்பியைக் கழற்றி, "உங்கம்மாவைப் பத்தி நான் எல்லார்கிட்டயும் சரியாச் சொல்றேன். எனக்குத்தான் புரிஞ்சுபோச்சே" என்றார். நல்ல மனுஷன். சொன்னபடியே சொல்லுவார். யாராவது ஒருவர், ஏன் மாற்றிப் போட்டார்கள் என்று அவரையும் கேட்பார்.

மறுநாள் டோரீன் வாசலில் உட்காரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் ரொட்டி வாங்கப் போயே ஆக வேண்டியிருந்தது. கதவைத் திறந்தபோது ஆறேழு பேர் ஹெட்போனோடு நின்றிருந்தார்கள். ஒரு நடுத்தர வயது மனிதர், ஆசிரியர் மாதிரி இருந்தவர், மரியாதையாக முன்னால் வந்தார்.

"மன்னிக்கணும், நீங்கதானே தங்கை? ரெண்டு விதமாச் சொல்றாங்க. உங்க வாயால கேட்டுடலாம்னு நினைச்சோம். உங்க அக்கா செத்தது குளிராலயா, இல்ல உங்க அம்மா நிஜமாவே பட்டினி போட்டாங்களா?"

எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். நேற்று முந்தாநாள் வரை அவள் ஏங்கிக் கிடந்த கேள்வி. இவ்வளவு நேராக, இவ்வளவு மரியாதையாக, யாருமே கேட்டதில்லை. குளிர் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள் டோரீன். "நான் அப்போ சின்னப் பொண்ணு."